தேடுபெட்டிக்குக் காசு கொடுப்பவர்கள்

மலேசியாவில் எங்கள் ஊரான சுங்கை சிப்புட்டிலிருந்து சாமான் வாங்க ஈப்போ நகரத்துக்குப் பஸ் ஏறுவது வெகுவாகக் குறைந்துவிட்டது. செம்பனைக் குலை வெட்டும் உளியான பாஹாட்டிலிருந்து காதுகுத்துக்கு வேண்டிய தாம்பூலத் தட்டு வரைக்கும் கைப்பேசியில் தட்டித்தான் தேடுகிறார்கள். ஊரிலும் சுற்றியுள்ள தோட்டங்களிலும் கடை வைத்திருப்பவர்களுக்கு இணையக் கடை அமைத்துக் கொடுப்பது என் தொழில். அதனால் ஒரு கேள்வி என்னை விடாமல் துரத்துகிறது. இணையத்தில் விற்பவர்களில் எவரெல்லாம் பொருள் தேடலுக்கென்றே தனி மென்பொருளை விலை கொடுத்து வாங்குகிறார்கள்? எவர் வாங்குவதில்லை?

பெரிய கடை வாங்கும், சின்னக் கடை வாங்காது என்று பொதுவாகச் சொல்வார்கள். அது பாதிதான் உண்மை. கடைக்காரர் ஒரு பொருளை என்ன பெயரில் வைத்திருக்கிறார், வாங்க வருபவர் என்ன பெயரில் கேட்கிறார், இந்த இரண்டுக்கும் நடுவே எத்தனை தூரம் என்பதைப் பார்க்க வேண்டும். அந்தத் தூரத்தால் கையைவிட்டுப் போகும் பணம் கடைக்காரர் கண்ணில் படுகிறதா என்பதையும் பார்க்க வேண்டும். இரண்டும் சேர்ந்த இடத்தில்தான் இந்த மென்பொருள் விலைபோகிறது.

முதலில் அது என்ன வேலை செய்கிறது என்று சொல்லிவிடுகிறேன். சாதாரணத் தேடுபெட்டி எழுத்தை எழுத்தோடு ஒப்பிடும். பொருந்தினால் காட்டும், பொருந்தாவிட்டால் ‘ஒன்றும் இல்லை’ என்று கையை விரிக்கும். தேடல் மென்பொருள் அதற்கு மேலே போகிறது. எழுத்துப்பிழையைப் பொறுத்துக்கொள்ளும். ஒரே பொருளின் பல பெயர்களை ஒன்றாக எடுத்துக்கொள்ளும். நிறம், அளவு, விலை, பிராண்ட் என்று பக்கவாட்டில் வடிகட்டிகள் வைக்கும். முன்பு வந்தவர்கள் எதைத் தொட்டார்கள், எதை வாங்கினார்கள் என்று பார்த்து முடிவுகளின் வரிசையை மாற்றும். கேட்காத பொருளையும் கேட்டிருப்பார் என்று ஊகித்து முன்னால் எடுத்து வைக்கும். எங்கள் தோட்டத்துக் கடை முதலாளி இவை அத்தனையையும் தலைக்குள்ளேயே வைத்திருந்தார். ‘அந்தச் செவப்பு டப்பா’ என்றால் போதும், கை சரியான தட்டுக்குப் போகும். போன மாதம் என்ன வாங்கினோம் என்பது கடன் கணக்கு எழுதும் அவருடைய 555 நோட்டில் இருக்கும். முகம் தெரியாத லட்சம் பேருக்கு அவரைப் போலப் பதில் சொல்லத்தான் இத்தனை மென்பொருளும் எழுதப்பட்டிருக்கின்றன.

இந்தத் துறையின் வரலாற்றைக் கொஞ்சம் பார்த்தால் வாங்குபவர் யார் என்பது தானாகத் தெளியும். 1999இல் டக் கட்டிங் எழுதிய லூசீன் என்ற தேடல் நிரல் தொகுப்பு இலவசமாக வெளிவந்தது. அதன் மேல் 2004இல் யோனிக் சீலி கட்டியதுதான் சோலர். அவர் அதை எழுதியது சிநெட் நிறுவனத்தில். ஆயிரக்கணக்கான கணினி, கேமரா, கைப்பேசிகளுக்கு விமர்சனம் எழுதி வைத்திருந்த இடம் அது. பொருள் குவிந்த இடத்தில்தான் தேடலின் வலி முதலில் தெரிந்திருக்கிறது. 2010இல் ஷே பானன் எலாஸ்டிக்சர்ச்சை வெளியிட்டார். மனைவியின் சமையல் குறிப்புகளைத் தேடுவதற்காக அவர் முன்பு எழுதிப் பார்த்த நிரலில் தொடங்கிய வேலை அது. இன்று விலைக்கு விற்கப்படும் தேடல் சேவைகளில் பல, அடியில் இந்த இலவச நிரல்களின் மேல்தான் நிற்கின்றன.

அதே 1999இல் அமெரிக்காவில் எண்டெகா என்ற தேடல் மென்பொருள் நிறுவனம் தொடங்கியது. பக்கவாட்டு வடிகட்டிகளைக் கடைகளுக்குப் பழக்கியதில் அதற்குப் பெரிய பங்கு உண்டு. ஹோம் டிப்போ, வால்மார்ட் போன்ற பெரிய சங்கிலிக் கடைகள் அதை வாங்கிப் பயன்படுத்தின. ஆணி, திருகு, குழாய், பெயின்ட் என்று விற்கும் கடைக்கு அது ஏன் தேவைப்பட்டது என்று யாரும் விளக்க வேண்டியதில்லை: ‘திருகு’ என்று தட்டினால் வருகிற ஆயிரக்கணக்கான முடிவுகளை நீளத்தாலும் தலையின் வடிவத்தாலும் குறைக்காமல் ஒருவரால் எதையும் வாங்க முடியாது. 2011இல் ஆரக்கிள் நிறுவனம் எண்டெகாவை வாங்கிக்கொண்டது.

உச்சியில் இருப்பவர்கள் ஒரு கட்டத்துக்கு மேல் வாங்குவதை நிறுத்திவிட்டுத் தாங்களே கட்டத் தொடங்குவார்கள். அமேசான் 2003லேயே ஏ9 என்ற துணை நிறுவனத்தைத் தேடலுக்கென்று தொடங்கியது. ஈபே 2013இல் கசீனி என்ற தேடல் எந்திரத்தைக் கொண்டுவந்தது. வால்மார்ட் கதையில் நமக்குக் கொஞ்சம் உரிமை உண்டு. சென்னை ஐஐடியில் படித்த ஆனந்த் ராஜாராமன், வெங்கி ஹரிநாராயண் இருவரும் நிறுவனர்களாக இருந்த ஜங்க்லியை அமேசான் 1998இல் வாங்கியது. பிறகு அவர்கள் தொடங்கிய காஸ்மிக்ஸை வால்மார்ட் 2011இல் வாங்கி, அதையே தன் ஆய்வுக்கூடமாக ஆக்கிக்கொண்டது. அங்கிருந்து 2012இல் பொலாரிஸ் என்ற சொந்தத் தேடல் எந்திரம் வந்தது. தேடிவிட்டுப் பொருளை வாங்கி முடிப்பவர்கள் 10 முதல் 15 விழுக்காடு கூடினார்கள் என்று வால்மார்ட்டே அப்போது சொன்னது. அத்தனை பெரிய கடையில் பத்து விழுக்காடு என்பது எவ்வளவு பணம் என்று யோசித்தால், தேடலுக்கென்று சொந்த எந்திரத்தையே கட்டியது ஏன் என்று புரியும். நாம் தினம் தட்டும் இணையச் சந்தைகளான ஷோப்பியும் லஸாடாவும் இந்த உச்சி வரிசையில் இருப்பவைதான். தேடல்தான் அவர்களின் தொழிலே, அதை வெளியாளிடம் விட மாட்டார்கள்.

ஆக, விலைக்கு வாங்குபவர்கள் நடுவில் இருக்கிறார்கள். சொந்தமாகக் கட்ட ஆள்பலம் இல்லை, கூடவே வந்த தேடுபெட்டியை வைத்துக்கொண்டு காலம் தள்ளவும் முடியவில்லை, இப்படிப்பட்டவர்கள். அவர்களை நம்பித்தான் 2009இல் புளூம்ரீச், 2011இல் பெங்களூரில் அன்பாக்ஸ்ட், 2012இல் பாரிசில் அல்கோலியா, 2015இல் கன்ஸ்ட்ரக்டர் என்று தேடல் மென்பொருள் விற்கும் நிறுவனங்கள் வந்தன. இந்த நிறுவனங்களின் வாடிக்கையாளர் யார் யார் என்று பார்த்தால் சில வகைக் கடைகள் திரும்பத் திரும்ப வருகின்றன.

ஆடை விற்பவர்கள் முதல் வகை. லகோஸ்ட், ஜிம்ஷார்க் போன்றவை அல்கோலியாவுக்குக் காசு கொடுக்கின்றன. ஒரே சட்டை பன்னிரண்டு நிறத்தில், ஆறு அளவில் இருக்கும். பருவம் மாறினால் பாதிச் சரக்கு மாறிவிடும். நேற்று முதலில் நின்றது இன்று கையிருப்பில் இருக்காது. இத்தனை அசைவை மனிதக் கையால் வரிசைப்படுத்திக்கொண்டிருக்க முடியாது. அழகுப்பொருள் அடுத்த வகை. செஃபோரா கன்ஸ்ட்ரக்டரைப் பயன்படுத்துகிறது. உதட்டுச்சாயம் தேடுபவர் பொருளின் பெயரைத் தட்டுவதில்லை. தன் தோலின் நிறத்தை, முகப்பருவை, கல்யாணத்தைத் தட்டுகிறார். செல்லப்பிராணிக் கடையான பெட்கோவும் அதே இடத்தில்தான் வாங்குகிறது. நாய்த்தீனி வாங்குபவர் ஒவ்வொரு மாதமும் வருவார், அவருடைய நாய் பெரிய இனமா சிறிய இனமா என்பதைத் தேடுபெட்டி நினைவில் வைத்திருந்தால் அவர் வேறு கடைக்குப் போக மாட்டார்.

உதிரிபாகம் விற்பவர்களைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை, எனக்கோ அவர்கள்தான் முக்கியம். எங்கள் ஊரில் புல்வெட்டி மெசினுக்கும் சங்கிலி ரம்பத்துக்கும் பாகம் விற்கும் ஓர் அண்ணன் இருக்கிறார். அவரிடம் வருபவர்களில் பாதிப் பேர் பழைய பாகத்தைக் கையில் எடுத்துக்கொண்டு வந்து, ‘இதே மாதிரி ஒன்னு’ என்கிறார்கள். மீதிப் பேர் எண்ணைச் சொல்கிறார்கள். இணையத்தில் அந்த எண்ணே சிக்கல். பெட்டியில் நடுவே கோடு போட்டு அச்சடித்திருக்கும், வாங்குபவர் கோடு இல்லாமல் தட்டுவார், இன்னொருவர் இடைவெளி விட்டுத் தட்டுவார். சாதாரணத் தேடலுக்கு இவை மூன்று வெவ்வேறு சொற்கள். அதற்கு மேல், இந்த கார்புரேட்டர் எந்தெந்த மெசினுக்குப் பொருந்தும் என்ற அட்டவணை வேண்டும். தவறான பாகம் போனால் தபால் செலவோடு திரும்பி வரும். தொழிற்சாலைகளுக்கும் பட்டறைகளுக்கும் சாமான் அனுப்பும் நிறுவனங்கள் ஆடைக் கடைகளைப் போல வெளியே தெரிவதில்லை. ஆனால் தேடல் மென்பொருளை உண்மையான தேவைக்காக வாங்குபவர்கள் அவர்கள்தான் என்பது என் எண்ணம். அங்கே அழகுக்காக யாரும் உலாவுவதில்லை, மெசின் நின்று போயிருக்கிறது, பாகம் வேண்டும்.

தேவையை உணர்ந்து வாங்கியவர்கள் ஒரு பக்கம் இருக்க, கேட்காமலேயே வந்து சேர்ந்ததும் உண்டு. இணையக் கடை கட்டும் மென்பொருளான மஜெண்டோவின் 2020இல் வந்த 2.4 பதிப்பு பழைய தேடலை எடுத்துவிட்டு எலாஸ்டிக்சர்ச்சைக் கட்டாயமாக்கியது. அந்தப் பதிப்புக்கு மாறிய கடைகள் எல்லாம் விரும்பினாலும் விரும்பாவிட்டாலும் நல்ல தேடல் எந்திரத்துக்கு வந்தன. இணையக் கடை அமைத்துத் தரும் ஷாப்பிஃபை தன் கடைக்காரர்களுக்குத் தேடல், வடிகட்டி, இணைச்சொல் எல்லாவற்றையும் இலவசச் செயலியாகவே கொடுக்கிறது. கடைத்தளத்தை மாற்றும் வேளையில்தான் பலர் தேடலையும் மாற்றுகிறார்கள். சும்மா ஒரு செவ்வாய்க்கிழமை எழுந்து யாரும் தேடுபெட்டியை மாற்றுவதில்லை.

வாங்காதவர்களைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. நாற்பது பொருள் விற்பவருக்கு இது தேவையில்லை. ஒரு பக்கத்தில் எல்லாம் தெரிந்துவிடும். ஃபேஸ்புக் நேரலையில் சேலையை விரித்துக் காட்டி விற்பவர்களிடம் தேடுபெட்டியே கிடையாது. விளம்பரத்தைத் தொட்டு நேராகப் பொருள் பக்கத்தில் வந்து இறங்குபவர்களை நம்பியிருக்கும் கடைகளும் அப்படித்தான்.

ஆனால் இன்னொரு கூட்டம் உண்டு. தேவை இருக்கிறது, வாங்கவில்லை. எங்கள் ஊர்க் கடைகள் பல இந்தக் கூட்டத்தில் இருக்கின்றன.

பூசைச் சாமான், பித்தளைப் பாத்திரம், பஞ்சாபி சூட், சேலை எல்லாம் விற்கும் அக்கா ஒருவர் இருக்கிறார். அவருக்கென்று வூகாமர்ஸ் என்ற கடைத்தள மென்பொருளில் ஒரு தளம் இருக்கிறது, ஷோப்பியிலும் கடை இருக்கிறது. ஒருநாள் கடைக்குப் போனபோது கைப்பேசியை என்னிடம் நீட்டினார்.

“தம்பி, பாரு. நம்ம வெப்சைட்ல அடிச்சா ஒன்னும் இல்லன்னு வருது. அதையே ஷோப்பில அடிச்சா நம்ம சாமானே வருது லா. அது எப்படி?”

நல்ல கேள்வி. அவர் தளத்தில் அதுவரை யார் யார் என்னென்ன தட்டினார்கள் என்ற பதிவை எடுத்து இருவரும் உட்கார்ந்து பார்த்தோம். விடை கிடைக்காத தேடல்களின் பட்டியலே ஊரின் பேச்சாக இருந்தது. பஞ்சாபி சூட் என்று தட்டியிருக்கிறார்கள். இந்தியாவிலிருந்து சரக்கு அனுப்பியவர் கொடுத்த பெயரான சல்வார் கமீஸ் என்றுதான் தளத்தில் இருந்தது. புட்டு மாயம் அச்சு தேடியிருக்கிறார்கள். தளத்தில் இருந்தது இடியாப்ப அச்சு. தோசைக்கல்லை ஆங்கில எழுத்தில் நம் ஊர் உணவகப் பலகைகளில் இருப்பதுபோல ‘தோ’ (tho) ஒலியோடு எழுதித் தேடியிருக்கிறார்கள். சரக்குப் பட்டியலில் இந்திய முறைப்படி ‘டோ’ (do) என்று இருந்தது. தீபாவளி நெருங்கினால் பள்ளிக்கூடத்தை அலங்கரிக்க மலாய் ஆசிரியைகள், மலாயில் விளக்கைக் குறிக்கும் பெலித்தா என்ற சொல்லால் தேடுகிறார்கள். அக்காவிடம் அகல் விளக்கு மூட்டை மூட்டையாக இருந்தது. முறுக்கு என்ற ஒரு சொல்லை ஆங்கில எழுத்தில் எத்தனை விதமாக எழுதலாமோ அத்தனை விதமும் அந்தப் பட்டியலில் இருந்தன.

இவர்கள் யாரும் தவறாகத் தேடவில்லை. மூன்று மொழி புழங்கும் ஊரில் ஒரு பொருளுக்கு நான்கைந்து பெயர் இருப்பது இயல்பு. ஷோப்பிக்கு இது எப்படித் தெரிகிறது என்றால், யாரும் உட்கார்ந்து எழுதிக் கொடுத்ததால் அல்ல. ஒருவர் ஒரு சொல்லைத் தட்டி, சரியாக வராமல், இன்னொரு சொல்லைத் தட்டி, அதில் வாங்கிவிட்டால், இரண்டு சொல்லும் ஒரே பொருளைத்தான் குறிக்கின்றன என்று இப்படிப்பட்ட எந்திரங்கள் கற்றுக்கொள்கின்றன. பெருங்கூட்டம் வாங்கும் இடத்தில் இந்தப் பாடம் நாள் முழுக்க நடக்கிறது. அக்காவின் தளத்துக்கு வருபவர்கள் அந்த அளவுக்கு இல்லை. அவர் நாளைக்கே அல்கோலியாவுக்கோ கன்ஸ்ட்ரக்டருக்கோ காசு கட்டினாலும் கற்றுக்கொள்ளப் போதிய தடயம் அங்கே சேராது. எழுத்துப்பிழை சரியாகும், வடிகட்டி அழகாக வரும். ஆனால் பெலித்தாவும் அகல் விளக்கும் ஒன்றென்று யாராவது சொல்லிக்கொடுத்தால்தான் உண்டு.

இது நம் ஊர்க் கடைகளுக்கு மட்டும் உள்ள குறை என்று நினைக்க வேண்டாம். டென்மார்க்கின் பேமார்ட் ஆய்வு நிறுவனம் 2014இல் அமெரிக்காவின் பெரிய 50 கடைத்தளங்களைச் சோதித்தபோது, அவற்றில் 70 விழுக்காடு, தளத்தில் எழுதியிருக்கும் அதே சொல்லைத் தட்டினால்தான் பொருளைக் காட்டின. ஒரே மொழி பேசும் கூட்டத்துக்கு விற்ற, பணமும் பொறியாளரும் நிறைந்த கடைகளின் நிலை அது.

ஷோப்பியில்தான் வருகிறதே, அங்கேயே விற்றுவிட்டுப் போகலாமே என்று கேட்பவர்கள் உண்டு. நான் அதை ஏற்பதில்லை. அங்கே ஒவ்வொரு விற்பனையிலும் தரகு போகிறது. தேடல் முடிவின் மேல்வரிசை விளம்பரத்துக்கு விற்கப்படுகிறது, அக்காவின் அகல் விளக்குக்குப் பக்கத்திலேயே தொழிற்சாலையிலிருந்து நேராக வரும் மலிவு விளக்கும் நிற்கிறது. யார் வாங்கினார், அடுத்த ஆண்டு தீபாவளிக்கு அவருக்குச் செய்தி அனுப்பலாமா என்பது கடைக்காரர் கையில் இல்லை. தன் வாடிக்கையாளரைத் தன் இடத்திலேயே சந்திக்க முடிகிற கடைதான் பத்தாண்டுக்குப் பிறகும் இருக்கும். அதற்குத் தேடுபெட்டி வேலை செய்தாக வேண்டும்.

புதிய வழி ஒன்று பேசப்படுகிறது. சொற்களை எண்களின் வரிசைகளாக மாற்றி, பொருள் நெருக்கத்தை அளந்து தேடும் முறை. இதற்கு வழிசெய்த மொழி மாதிரிகளான வேர்ட்2வெக் 2013இலும் பெர்ட் 2018இலும் வந்த பிறகு இது கடைத் தேடலுக்குள்ளும் நுழைந்துவிட்டது. ‘கல்யாணத்துக்கு மாப்பிள்ளை வீட்டார் சீர்’ என்று தட்டினால் தாம்பூலத் தட்டைக் காட்டும் வாய்ப்பு இதில் உண்டு. நான் பயன்படுத்திப் பார்த்த வரையில் தமிழைத் தமிழ் எழுத்திலும் மலாயை மலாயாகவும் கொடுத்தால் ஓரளவு நன்றாகவே வருகிறது. நம் ஆட்கள் தட்டுவதுபோல ஆங்கில எழுத்தில் தமிழும் மலாயும் கலந்து கொடுத்தால் தடுமாறுகிறது. உதிரிபாக எண்ணுக்கோ இது அறவே உதவாது. ஓர் இலக்கம் மாறினாலும் நெருங்கிய எண் என்று வேறு பாகத்தைக் கொண்டுவந்து நிறுத்தும். அதனால்தான் விவரம் தெரிந்தவர்கள் பழைய சொல் தேடலையும் புதிய பொருள் தேடலையும் சேர்த்தே வைக்கிறார்கள். இலவசக் கருவிகளிலும் தமிழுக்கு இடம் வந்துவிட்டது. லூசீன் தொகுப்பில் தமிழ்ச் சொற்களின் வேரைப் பிரித்தெடுக்கும் பகுதி இருக்கிறது. ‘விளக்குகள்’, ‘விளக்கு’ இரண்டையும் ஒன்றாக எடுத்துக்கொள்ள அது உதவும்.

கருவி இருக்கிறது, அதுவும் இலவசமாகவே. டைப்சென்ஸ், மெய்லிசர்ச் போன்ற தேடல் எந்திரங்களைச் சின்ன சர்வரில் ஓட்டிவிடலாம். நம்மிடம் இல்லாதது சொற்பட்டியல். பெரிய கடைகள் இந்த மென்பொருளை வாங்கும்போது கூடவே அதைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆளையும் போடுகின்றன. விடை கிடைக்காத தேடல்களை வாராவாரம் பார்த்து, இணைச்சொல் சேர்த்து, வரிசையைச் சரிசெய்வதே அவருடைய வேலை. மென்பொருள் வாங்கியும் பயன் காணாத கடைகளில் பெரும்பாலும் இந்த ஆள் இருப்பதில்லை. சுங்கை சிப்புட்டில் எந்த ஒரு கடையாலும் அப்படி ஓர் ஆளுக்குச் சம்பளம் கொடுக்க முடியாது.

ஒரு கடையால் முடியாது. இருபது கடை சேர்ந்தால் முடியும். தோட்டங்கள் துண்டாடப்பட்டு விற்கப்பட்ட காலத்தில், இந்த ஊரில் பிறந்த துன் வீ.தி. சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். பால் மரம் வெட்டிய ரப்பர் தோட்டத் தொழிலாளர்கள் பத்து வெள்ளியாக (ரிங்கிட்) சேர்த்து அதன் வழியாகத் தோட்டங்களுக்கே பங்குதாரர் ஆனார்கள். அதோடு ஒப்பிட்டால் நான் கேட்பது மிகச் சிறியது. பணம்கூட வேண்டாம். ஒவ்வொரு கடையும் தன் தளத்தில் விடை கிடைக்காமல் போன தேடல்களை, வாங்குபவர் பெயர் எதுவும் இல்லாமல், மாதம் ஒருமுறை ஒரே இடத்தில் போட வேண்டும். அந்தச் சொல் எந்தப் பொருளைக் குறிக்கிறது என்று தெரிந்தவர் பக்கத்தில் எழுத வேண்டும். ஷாப்பிஃபை, டைப்சென்ஸ், மெய்லிசர்ச், எலாஸ்டிக்சர்ச் எல்லாம் இணைச்சொல் பட்டியலை ஏற்றுக்கொள்பவைதான். ஒருமுறை திரட்டினால் கிள்ளானில் இருக்கும் கடைக்கும் சுங்கைப்பட்டாணியில் இருக்கும் கடைக்கும் அதே பட்டியல் உதவும்.

அக்காவின் பட்டியலையும் உதிரிபாக அண்ணனின் பட்டியலையும் வைத்துத் தொடங்கிவிட்டேன். பூசைச் சாமானும் சமையல் பாத்திரமும் முதலில். தீபாவளிக்கு முன் அது முடிந்தாக வேண்டும். அடுத்தது துணி. அதற்குப் பிறகு தோட்டக் கருவிகள்: பாஹாட், சபிட் (அரிவாள்), காலா (நீளக் கம்பு), கிரேத்தா சோரோங் (தள்ளுவண்டி), மெசின் ரும்புட் (புல்வெட்டி). இவற்றுக்குத் தோட்டத்துக்குத் தோட்டம் பெயர் மாறுகிறது, அதனால் அந்தப் பகுதிக்கு தோட்டத்து மண்டோர்களையும் (மேற்பார்வையாளர்கள்) கிராணிகளையும் (எழுத்தர்கள்) தான் கேட்க வேண்டும். கடை வைத்திருப்பவர்கள், கடைத்தளம் கட்டிக் கொடுப்பவர்கள் யாராக இருந்தாலும் கீழே எழுதுங்கள். உங்கள் தளத்தின் தேடல் பதிவை எப்படி எடுப்பது என்று தெரியாவிட்டால் அதையும் கேளுங்கள், வூகாமர்ஸுக்கும் ஷாப்பிஃபைக்கும் வழி வேறு வேறு, இரண்டையும் சொல்லித் தருகிறேன்.